“நோ ஃபோல்ட்” என்ற சொல்லை நம்பிக் கார் எடுக்காதீர்கள், தம்பி

கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து நாலு மாதம், பழைய கொரோல்லா ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், எந்தக் காப்புறுதி மலிவு, வின்டர் டயர் வேண்டுமா, ஒன்ராறியோவில் “நோ ஃபோல்ட்” என்பதால் இடித்தாலும் பிழை நம் தலையில் விழாதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். மலிவு எது என்று நாலு புரோக்கரிடம் கேளுங்கள். டயர் போடுங்கள். நான் சொல்லவேண்டியது மூன்றாவதைப் பற்றி.

அந்தச் சொல்லை எங்கள் ஆட்கள் பிழையாக விளங்கிக்கொண்டு, புதிதாக வருகிறவர்களுக்கும் அப்படியே சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு இதில் சரியான கோபம். நோ ஃபோல்ட் என்றால், நட்டத்துக்கு உங்கள் கம்பனியிடமே போகலாம், மற்றவருடைய கம்பனிக்குப் பின்னால் அலையத் தேவையில்லை. அவ்வளவுதான். பிழை யாருடையது என்று ஒவ்வொரு விபத்திலும் பார்ப்பார்கள். அதற்கு மாகாணச் சட்டத்தில் படம் போட்டே விதிகள் இருக்கின்றன. பின்னால் போய் இடித்தவருக்கு 100 வீதம். இடப்பக்கம் திரும்பி, எதிரே நேராக வந்த காரில் பட்டால் திரும்பியவருக்கு. சனிக்கிழமை தமிழ்க்கடைப் பிளாசாவில் பார்க்கிங்கிலிருந்து எடுக்கும்போது, ஓடி வருகிற காரில் முட்டினால் எடுத்தவருக்கு. மழை, ஸ்னோ என்று காரணம் சொல்ல அந்த விதிகளில் இடமே இல்லை.

இதை நான் 2003 பெப்ரவரியில் படித்தேன். இரவு வேலை முடித்து விடிய ஆறு மணிக்கு வருகிறேன். மார்க்கம் றோடும் எல்ஸ்மியரும் சந்திக்கிற சிக்னல். றோட்டு வெறும் ஈரமாகத்தான் தெரிந்தது, ஆனால் முழுக்க ஐஸ். பிரேக்கை மிதிக்க மிதிக்கக் கார் தன்பாட்டில் வழுக்கிப்போய், முன்னால் நின்ற வான் வண்டியில் முட்டியது. வான்காரர் வயதான மனிதர். இறங்கி வந்து முதலில் என் கையைத்தான் பிடித்தார். பொலிஸ் அபராத டிக்கெட் தரவில்லை. அப்போ என்னில் பிழை இல்லை என்று நிம்மதியாகத் தூங்கினேன். டிக்கெட் வேறு, பிழை வேறு என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பிழையை முடிவுசெய்வது காப்புறுதிக் கம்பனி. அடுத்த புதுப்பித்தலில் காப்புறுதிக் கட்டணம் 1,900 டொலர் 3,100 ஆகி வந்தது. ஆறு வருடம் அந்தப் பதிவு என் பின்னால் வந்தது. அதோடு காசு மிச்சம் பிடிக்க கொலிஷன் காப்பை, அதாவது நம் பிழையில் இடித்தாலும் நம் காரைத் திருத்தக் காசு தரும் காப்பை, வெட்டியிருந்தேன். பிழை முழுக்க என்னுடையது என்பதால் என் காரைத் திருத்தும் செலவும் என் கையிலிருந்துதான். நீங்கள் அதை மட்டும் வெட்டாதீர்கள்.

இடித்தால் நடுறோட்டில் வாக்குவாதம் வேண்டாம், படம் எடுங்கள். 2025 ஜனவரியிலிருந்து, யாருக்கும் காயமில்லாமல் சேதம் 5,000 டொலருக்குள் என்றால் பொதுவாகப் பொலிஸுக்கு அறிவிக்கத் தேவையில்லை. முன்பு அது 2,000. ஆனால் காப்புறுதிக்கு ஏழு நாளுக்குள் சொல்லவேண்டும். “எங்களுக்குள்ளேயே முடிப்போம்” என்று சொன்னவர் பிறகு நட்டஈடு கேட்டுக் கடிதம் அனுப்பிய கதைகள் எனக்கு நிறையத் தெரியும். இல்லாத கழுத்து நோவுக்குத் தெரப்பிக்குக் கூட்டிப்போகவும் ஆட்கள் வருவார்கள். போகாதீர்கள். இங்கே பிரீமியம் அஞ்சல் குறியீட்டையும் பார்த்துத்தான் போடுகிறார்கள். இப்படிப் பொய்யாக எடுக்கிற காசை அயலில் ஒழுங்காக ஓட்டுகிற எல்லோரும் சேர்ந்துதான் கட்டுகிறோம்.

திருத்தக் காசு சேரும்வரை இரண்டு மாதம் 102 மார்க்கம் றோட் பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்தேன். அந்தச் சிக்னலில் பஸ் நிற்கும்போதெல்லாம் ஓரத்து ஸ்னோவுக்குள் வானின் சிவப்பு லைட் துண்டு ஒன்று தெரியும். ஏப்ரலில் ஸ்னோ கரைந்த பிறகுதான் அதைக் காணவில்லை.