டிஸ்பிளே ஷூவை மடக்கிப் பார்க்கலாமா?

கேள்வி: கல்லூரிக்குப் போகும் மகனுக்கு ஸ்னீக்கர் வாங்க, திருச்சியில் ஒரு பெரிய கடைக்குப் போயிருந்தேன். விலை 4,000 ரூபாய். அவ்வளவு கொடுக்கிறோமே என்று, வீடியோவில் காட்டியபடி டிஸ்பிளேயில் இருந்த ஷூவை மடக்கி, சோல் ஒட்டிய இடத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தேன். சேல்ஸ்மேன் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டுவிட்டார். நான் செய்தது தவறா? பிறகு அவரே, "இந்த மாடலில் கடைசி ஜோடி இதுதான். டிஸ்பிளே பீஸ், 20 சதவீதம் குறைத்துத் தருகிறேன்" என்றார். வாங்கலாமா?
வாசகி, திருச்சி

காலணித் தொழில்நுட்ப வல்லுநரின் பதில்:

மடக்கியதில் தவறில்லை. நெம்பியது தவறு. சேல்ஸ்மேன் கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது; எல்லார் முன்னாலும் கத்தியதில் இல்லை. அந்த ஷூவுக்கு ஏதாவது ஆனால் மேலாளரிடம் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்த்துப் பழகிய கை நம்முடையது. ஒடித்த காய் கடைசியில் இன்னொருவர் பைக்குத்தான் போகும். நெம்பிய ஷூவும் அப்படித்தான்.

இந்த வீடியோக்காரர்கள் மேல் எனக்குத் தீராத வருத்தம் உண்டு. லைட்டரால் சுட்டு "ஒரிஜினல் லெதர்" பார்ப்பது, சாவியால் கீறுவது, சோலைப் பிய்த்து இழுப்பது என்று எதையெதையோ சொல்லிக்கொடுக்கிறார்கள். காலணி ஆய்வகங்களில் சோலின் உழைப்பைப் பார்க்க அதை இயந்திரத்தில் 30,000 முறை மடக்குகிறார்கள். ஒட்டு எவ்வளவு தாங்கும் என்பதையும் இயந்திரம்தான் இழுத்து அளக்கிறது. அதற்கு முன்னால் மாதிரியை 23 டிகிரி வெப்பத்தில், அளவான ஈரப்பதத்தில் வைத்துப் பதப்படுத்துவார்கள். கடையில் ஒரு தடவை மடக்கி, ஒரு தடவை இழுத்து எதைக் கண்டுபிடிக்க முடியும்? பேஸ்டிங், அதாவது சோலின் ஒட்டு, விட்டுப்போவதற்குப் பெரும்பாலும் காரணம், ஒட்டும் முன் பரப்பைச் சரியாகச் சொரசொரப்பாக்காததும், பசை நன்றாகப் பிடிக்கப் பூசும் பிரைமரை அடிக்காமல் விட்டதும்தான். அது கடை ஏசியில் தெரியாது. வெயிலில் நிற்கும் காருக்குள் ஷூவை விட்டுவைத்த பிறகு தெரியும். நகத்தால் நெம்பினால் நல்ல ஒட்டின் ஓரமும் திறந்துகொள்ளும்.

இன்னொன்று, டிஸ்பிளே ஷூவை வைத்து அந்த மாடலையே எடைபோட முடியாது. பல கைகள் மடக்கி மடக்கி அது இளகியிருக்கும். "எவ்வளவு சாஃப்ட்டா இருக்கு" என்று மகிழ்ந்து வாங்குவீர்கள். பெட்டியிலிருந்து வரும் ஜோடி விறைப்பாக இருக்கும். விளக்கு வெளிச்சத்தில் நிறமும் மாறியிருக்கலாம். டிஸ்பிளேயைக் கண்ணால் பாருங்கள், மென்மையாகத் தொடுங்கள், லேசாக மடக்கிப் பாருங்கள். மற்ற சோதனைகளைப் பெட்டியைத் திறந்து எடுத்த ஜோடியில், சேல்ஸ்மேனிடம் கேட்டுக்கொண்டு, பில் போடுவதற்கு முன் செய்யுங்கள்.

டிஸ்பிளேயில் என்ன பார்க்கலாம்? ஷூவைப் பின்புறமாகத் திருப்பி, குதிகால் நேராக நிற்கிறதா என்று பாருங்கள். பசை வழிந்து காய்ந்திருக்கிறதா, தையல் ஒரே சீராகப் போகிறதா என்று பாருங்கள். சோலின் ஓரத்தில் சுற்றித் தையல் தெரிந்தால் உடனே நம்பிவிட வேண்டாம். பல மாடல்களில் அது ரப்பரிலேயே அச்சு வார்த்த வெறும் அலங்காரம். உண்மையான தையலென்றால் ஊசித் துளையும், உள்ளே போய் வெளியே வரும் நூலும் தெரியும். குதிகால் பகுதியை இரண்டு பக்கமும் விரலால் அழுத்தினால் உறுதியாக நிற்க வேண்டும், துணிபோலச் சரியக் கூடாது. இரண்டு கையாலும் பிடித்து முனையை லேசாக மேலே தூக்குங்கள். விரல்கள் தொடங்கும் இடத்தில், அதாவது நடக்கும்போது நம் பாதம் மடங்கும் இடத்தில் ஷூ மடங்க வேண்டும். நடுப்பாதத்தில் மடங்கினால் அந்த ஷூ வேண்டாம். அவ்வளவுதான் மடக்கல். முனையைக் குதிகாலோடு முட்டவைக்கத் தேவையில்லை.

போட்டுப் பார்க்கும்போது சொந்த சாக்ஸ், இரண்டு காலுக்கும், லேஸ் கட்டி, கார்பெட்டில் நிற்காமல் தரையில் நடந்து. பின்பக்கத்தை மிதித்துக்கொண்டு கால் நுழைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசே ஆறாது. உள்ளே இருக்கும் விறைப்பு அட்டை அதில்தான் உடைகிறது. குதிகாலை வழுக்கி நுழைக்க உதவும் ஷூ ஹார்ன் கேளுங்கள், தருவார்கள். வாங்கும் எண்ணம் இல்லையென்றால் எட்டு பெட்டியை இறக்கவைக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

அடுத்து, நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்லும் விஷயம். "பில் போட்ட பிறகுதான் புதுப் பெட்டியைத் திறப்போம்" என்று எந்தக் கடையாவது சொன்னால் வெளியே வந்துவிடுங்கள். பில் போட்ட கவுண்டரிலிருந்து பெட்டி மூடியபடியே கைக்கு வந்தால் அங்கேயே திறந்து, இரண்டு ஷூவும் ஒரே சைஸ்தானா, நீங்கள் பார்த்த அதே ஜோடிதானா என்று பாருங்கள். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற பலகைக்கும் பயப்பட வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் காலம் குறிப்பிடவில்லையென்றால் 30 நாள். சட்டம் வந்து இத்தனை வருடமாகியும் அந்தப் பலகை எத்தனையோ கடைகளில் அப்படியே தொங்குகிறது. கழற்றச் சொல்ல ஒரு அதிகாரியும் வருவதில்லை. மக்கள்தான் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் போட்டு அலைய வேண்டியிருக்கிறது. அதற்கும் பில் வேண்டும். "பில் இல்லாம 200 ரூபாய் கம்மி" என்பவர், இந்த உரிமையை 200 ரூபாய்க்கு உங்களிடமிருந்து வாங்கிக்கொள்கிறார்.

கடை வாசலில் நின்று "அக்கா, இதே ஷூ பாதி விலைக்கு, ஆம்பூர் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்" என்று கூப்பிடுபவரிடம் போகாதீர்கள். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் அருமையான ஷூ செய்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி விற்கிற எல்லாமே அங்கே செய்தவை என்று சொல்ல முடியாது. நிஜமாகவே ரிஜெக்ட் ஆன ஷூவாக இருந்தாலும், நிறத்துக்காக ஒதுக்கியதா, ஒட்டு நிற்காமல் ஒதுக்கியதா என்று தரகர் சொல்லப்போவதில்லை. "ஃபர்ஸ்ட் காப்பி" என்பது போலிக்கு வைத்த செல்லப்பெயர். இவற்றுக்கு பில்லும் கிடையாது, புகாரும் கிடையாது.

ஷூவிலோ பெட்டியிலோ ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேடுங்கள். காலணிகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணை 2024 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் ஷூவுக்கான தர எண் ஐ.எஸ். 15844. முத்திரையின் கீழே உள்ள உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் யாருடையது என்று தெரிந்துவிடும். இதைச் செய்ய இரண்டு நிமிடம் போதும். ஆனால் இப்படி ஒரு செயலி இருப்பதை எந்தக் கடையிலும் எழுதிவைக்கக் காணோம்.

இனி உங்கள் கடைசி ஜோடி. இங்கே மட்டும் நான் மேலே சொன்ன விதி மாறும். டிஸ்பிளே ஷூவையே வாங்குகிறீர்கள் என்றால் அது வேறொருவருக்குப் போகும் ஷூ இல்லை, உங்களுடையது. அதனால் நிதானமாக, முழுசாகப் பாருங்கள். கடைக்காரர் மறுக்கக் கூடாது. பெரும்பாலான கடைகளில் ஒரு கால் ஷூதான் வெளியே இருக்கும், மற்றது பெட்டியில். இரண்டையும் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்து நிறம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இன்சோலைத் தூக்க வந்தால் தூக்கி, உள் தையலைப் பாருங்கள். பெட்டியில் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும், அதைக் கட்டாயம் படியுங்கள். மிட்சோல், அதாவது சோலின் மெத்தைபோன்ற நடு அடுக்கு, பாலியூரிதேன் என்ற நுரையால் ஆனதென்றால், போடாமல் வைத்திருந்தாலே காற்றின் ஈரம் பட்டுச் சில வருடங்களில் நொறுங்கும். நம் ஊர்ப் புழுக்கம் அதற்கு எமன். கையில் எடுத்தால் கொஞ்சம் கனமாக இருக்கும். கட்டைவிரலால் அழுத்தும்போது பிசுபிசுப்போ மெல்லிய வெடிப்போ தெரிந்தால், எத்தனை சதவீதம் குறைத்தாலும் வேண்டாம். இறகுபோல எடையற்று இருந்தால் அது பெரும்பாலும் ஈ.வி.ஏ. என்ற இன்னொரு வகை நுரை. அது அப்படி நொறுங்காது, நாளடைவில் அமுங்கிப்போகும். எதுவானாலும் தயாரித்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் நான் வாங்க மாட்டேன்.

இதெல்லாம் சரியாக இருந்தாலும் 20 சதவீதத் தள்ளுபடி போதாது. 35, 40 கேளுங்கள். பில்லில் "டிஸ்பிளே பீஸ்" என்று எழுதினால், எந்தக் கீறல், எந்தக் கறை என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். அப்போதுதான் பின்னால் சோல் விட்டுப்போனால் "அதான் டிஸ்பிளே பீஸ்னு சொன்னோமே" என்று கையை விரிக்க முடியாது. எழுத மறுத்தால் மகனின் சைஸைச் சொல்லி, வேறு கிளையில் புது ஜோடி இருக்கிறதா என்று அவர்களையே போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். பெரிய கடை என்கிறீர்கள், கேட்டுச் சொல்வார்கள்.