முன்னால் யாரும் நிற்கவில்லை

வணக்கம் ஐயா,

நியூயார்க்கின் ஆர்ஃபியஸ் சேம்பர் ஆர்கெஸ்ட்ரா வாசிக்கும் காணொளி ஒன்றைச் சமீபத்தில் பார்த்தேன். முப்பது பேர் இருப்பார்கள். முன்னால் குச்சியோடு யாரும் நிற்கவில்லை. ஆனாலும் எல்லோரும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடிக்கிறார்கள். தாளத்தை யார் பிடிக்கிறார்கள்? என் நண்பர், "செலவைக் குறைக்க ஆளைக் குறைத்த சிம்பொனி ஆர்கெஸ்ட்ராதான் இது, வேறொன்றுமில்லை" என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் அவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இதை மட்டும் நம்பி இவர்களால் பிழைக்க முடிகிறதா? புதிதாகக் கேட்பவள் எதிலிருந்து தொடங்கலாம்?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் உங்கள் நண்பருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பெரிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் முதல் வயலின் மட்டுமே பதினாறு பேர் இருப்பார்கள். ஒருவர் கொஞ்சம் சறுக்கினால் மற்ற பதினைந்து பேர் மூடிவிடுவார்கள். சேம்பர் ஆர்கெஸ்ட்ரா என்ற இந்தச் சிறிய குழுவில் அந்த இடத்தில் ஆறு பேர், சில சமயம் ஐந்து பேர்தான். வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலா நான்கு, அதைவிடப் பெரிய செல்லோ மூன்று அல்லது நான்கு, எல்லாவற்றிலும் பெரிய டபுள் பேஸ் ஒன்றோ இரண்டோ. ஊதும் வாத்தியங்களான ஓபோவும் ஹார்னும் இரண்டிரண்டு. ஒருவர் வில்லை இம்மி முன்னதாக இழுத்தாலும் கடைசி வரிசைக்காரருக்குக் கேட்டுவிடும். ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. ஆளைக் குறைத்தால் வேலை குறையும் என்று நினைப்பது இங்கே தலைகீழாகிவிடுகிறது.

அப்புறம், வரலாற்றைப் பார்த்தால் சின்னதுதான் மூத்தது. இசையமைப்பாளர் ஹைடன் 1761இல் எஸ்டர்ஹாசி பிரபுக் குடும்பத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அவரிடம் இருந்தவர்கள் பதினைந்து பேர் அளவுக்குத்தான். பின்னாளில் இருபதைத் தாண்டியது. அவருடைய சிம்பொனிகளில் பெரும்பகுதி இந்த அளவுக்குத்தான் எழுதப்பட்டவை. மேடையில் குச்சியோடு தனியாக நிற்கும் ஆள் அன்று இல்லை. ஹைடனே வயலினோடு உள்ளே உட்கார்ந்து நடத்தினார். குச்சி பிடித்த கண்டக்டர் பரவலாக வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். அதனால் ஆர்ஃபியஸ்காரர்கள் விசித்திரமாக எதையோ செய்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். ஒரு பழைய வழக்கத்தை அவர்கள் திரும்ப எடுத்திருக்கிறார்கள்.

ஆனால் ஹைடனும் அவருடைய ஆட்களும் சீருடை போட்ட ஊழியர்கள். 1772இல் பிரபு கோடைகால அரண்மனையை விட்டுக் கிளம்பாமல் நாளைக் கடத்திக்கொண்டே போனார். வாத்தியக்காரர்களின் குடும்பங்களோ வேறு ஊரில். ஹைடன் ஒரு சிம்பொனி எழுதினார். கடைசிப் பகுதியில் ஒவ்வொருவராகத் தம் பங்கை முடித்து, மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு எழுந்து போவார்கள். இறுதியில் இரண்டு வயலின்கள் மட்டும் மிஞ்சும். பிரபுவுக்குப் புரிந்துவிட்டது. வாத்தியக்காரர்கள் தம் வீட்டுக்குப் போவதற்குக்கூட இசையில்தான் மனு எழுத வேண்டியிருந்தது. இதைச் சொல்லக் காரணம், 1972இல் ஜூலியன் ஃபைஃபர் என்ற செல்லோ கலைஞரும் நண்பர்களும் ஆர்ஃபியஸைத் தொடங்கியபோது கேட்டது நேர் எதிரான கேள்வி. வாசிப்பவரே ஏன் முடிவெடுக்கக் கூடாது?

சரி, தாளம். தொடக்கத்தை அன்று முதல் வயலினில் இருப்பவர் தருகிறார். ஒரு மூச்சு, வில் லேசாக மேலே எழும்புவது, அவ்வளவுதான். அந்த மூச்சின் வேகத்திலேயே வரப்போகும் இசையின் வேகம் இருக்கிறது. ஆனால் நடுவில் அவரையே பார்த்துக்கொண்டிருக்க முடியாது. துடிப்பு பெரும்பாலும் அடியிலிருந்து, செல்லோவிலிருந்தும் பேஸிலிருந்தும் வருகிறது. முக்கிய மெட்டு ஓபோவுக்குப் போகும்போது ஓபோக்காரர் எங்கே மூச்சு வாங்குவார் என்பது இரண்டாம் வயலினுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதாவது ஒவ்வொருவருக்கும் தம் தாளில் உள்ளது மட்டும் தெரிந்தால் போதாது. மற்றவர் தாளும் காதில் ஓட வேண்டும். ஆஸ்திரேலியன் சேம்பர் ஆர்கெஸ்ட்ராவில் செல்லோக்காரர்கள் தவிர வயலின், வியோலாக்காரர்கள் நின்றுகொண்டே வாசிப்பதைப் பார்த்திருப்பீர்கள். நிற்கும்போது உடம்பு முழுக்கக் குறிப்பு கொடுக்கும்.

இப்படி ஒரு குழுவின் ஒத்திகையை ஒருமுறை கூடவே உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஏழே தாளச் சுற்றுகள். அதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒரு மெல்லிய சுரத்தை வில்லைக் கீழிழுத்துத் தொடங்குவதா, மேலிழுத்தா என்பதுதான் விவாதம். கீழிழுத்தால் சுரத்துக்குக் கனம் வரும். மேலிழுத்தால் அது அடுத்த சுரத்தை நோக்கிச் சாயும். இரண்டு விதமாகவும் வாசித்தார்கள். பிறகு இரண்டாம் வயலின்காரர் ஒருவர் வாத்தியத்தை நாற்காலியில் வைத்துவிட்டு அரங்கின் பத்தாவது வரிசைக்கு இறங்கிப் போய்க் கேட்டார். "பேஸ் சுரத்தை முன்னாடியே விட்டால் போதும், வில்லை எப்படி வேண்டுமானாலும் இழுங்கள்" என்றார் அங்கிருந்தே. பேஸ்காரர் பென்சிலை எடுத்துத் தாளில் ஒரு சின்னக் கோடு போட்டார். மறுபடி வாசித்தார்கள். இசை திறந்துகொண்டது. முக்கால் மணி நேரமாக வில்லில் தேடியது பேஸின் ஒரு சுரத்தில் இருந்திருக்கிறது. அந்தப் பென்சில் கோடு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஆர்ஃபியஸ் இதையே ஒரு முறையாக்கியது. ஒவ்வொரு படைப்புக்கும் ஒரு முதல் வயலின், கூடவே ஒவ்வொரு வாத்தியப் பிரிவிலிருந்தும் ஒருவர் என்று ஒரு சிறு குழு. அவர்கள் முதலில் தனியாகக் கூடி அந்தப் படைப்பை எப்படி வாசிப்பது என்று முடிவு செய்வார்கள். பிறகுதான் முழுக் குழுவோடு ஒத்திகை, அங்கே யாரும் மறுத்துப் பேசலாம். அடுத்த படைப்புக்கு ஆள் மாறும். உங்கள் காணொளியில் இரண்டு படைப்புகளுக்கு நடுவே நாற்காலி மாறி உட்காருகிறார்களா என்று பாருங்கள்.

இதற்கு விலை உண்டு. கண்டக்டர் ஒரு சொல்லில் தீர்ப்பதை முப்பது பேர் பேசித் தீர்க்க நேரம் பிடிக்கும். மாஸ்கோவில் 1922இல் லெவ் ட்சைட்லின் என்ற வயலின் கலைஞர் கண்டக்டர் இல்லாத பெரிய சிம்பொனிக் குழுவையே அமைத்தார். பேர்சிம்ஃபான்ஸ் என்று பெயர். ஒருவரையொருவர் பார்ப்பதற்காக வட்டமாக உட்கார்ந்தார்கள், சிலர் ரசிகர்களுக்கு முதுகைக் காட்டியபடி. ஏராளமான ஒத்திகைகள் தேவைப்பட்டன. 1932இல் அது கலைந்துபோனது. என் கணிப்பில், நாற்பது பேரைத் தாண்டினால் காதும் கண்ணும் மட்டும் போதாது. லண்டனின் அகாடமி ஆஃப் செயின்ட் மார்ட்டின் இன் த ஃபீல்ட்ஸ் 1959இல் முதல் கச்சேரி செய்தபோது அவர்களுக்கும் கண்டக்டர் கிடையாது. நெவில் மாரினர் வயலின் வாசித்தபடியே வழிநடத்தினார். பெரிய படைப்புகளுக்குப் போன பிறகுதான் குச்சியை எடுத்தார். அதைத் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன், இசை கேட்டதைக் கொடுத்தார்.

பிழைப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கடினம்தான். பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது, கச்சேரிக் கணக்கில்தான் பணம். பாடம் நடத்துவார்கள், வேறு குழுக்களிலும் வாசிப்பார்கள். அகாடமியைத் தூக்கி நிறுத்தியது ஒலிப்பதிவு, ஐந்நூறுக்கும் மேல். சம்பளத்துக்கு வைத்திருக்கும் குழுக்களுக்கும் நிம்மதி இல்லை. அமெரிக்காவின் செயின்ட் பால் சேம்பர் ஆர்கெஸ்ட்ராவில் 2012இல் ஒப்பந்தத் தகராறில் நிர்வாகம் கதவடைப்பு செய்தது. பல மாதம் கழித்து 2013இல் உடன்பாடு வந்தபோது 34 இடங்கள் 28 ஆகியிருந்தன. இந்த அளவுக் குழுவில் ஆறு பேர் போவது கையில் ஒரு விரல் போவது மாதிரி. படிக்கும்போது எனக்கு மனசு கனத்துப்போனது. இருந்தும் ஏன் விடாமல் செய்கிறார்கள்? ஹார்வர்டின் உளவியலாளர் ரிச்சர்ட் ஹாக்மன் பல தொழில்களில் வேலைத் திருப்தியை ஒப்பிட்டார். நால்வராக வாசிக்கும் தந்தி வாத்தியக் குழுக்கள் உச்சியில் இருந்தன. சிம்பொனி ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் சிறைக் காவலர்களுக்கும் கீழே. தன் வில்லைத் தானே தீர்மானிக்கும் சுகம் அவ்வளவு பெரியது.

கேட்கத் தொடங்க ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக்கின் 'டைவர்டிமென்டோ'வைச் சொல்வேன். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 1926இல் சேம்பர் ஆர்கெஸ்ட்ரா தொடங்கிய பால் சாகர், தன் குழுவுக்காகவே புதுப் படைப்புகளை எழுதச் சொல்லிப் பணம் கொடுத்தவர். 1939 ஆகஸ்டில் சுவிஸ் மலையில் ஒரு வீட்டைப் பார்டோக்குக்குக் கொடுத்தார். புரவலர் அழைப்பில் வந்து தங்கும் அந்தக்காலத்து இசைக்கலைஞன்போல் இருக்கிறது என்று பார்டோக் மகனுக்கு எழுதினார். 'டைவர்டிமென்டோ'வை அங்கேயே பதினைந்து நாளில் முடித்துவிட்டார். அடுத்த மாதம் போர் தொடங்கியது.

இதில் தந்தி வாத்தியங்கள் மட்டும்தான். சிலர் தனியாகப் பிரிந்து பேசுவதும் மற்றவர்கள் பதில் சொல்வதுமாக ஓடும். இரண்டாம் பகுதியை மட்டும் இரவில் ஹெட்ஃபோனில் கேளுங்கள். காதுக்கு எட்டுமோ எட்டாதோ என்ற அளவில் தொடங்கும். அதற்காக ஒலியைக் கூட்டிவைக்காதீர்கள், நடுவில் எழும்பிவிடும்.