கடல்நீர்த் தொட்டியில் வளர்க்கும் என் ஹேமர் கோரல் (ஒரு வகைப் பவளம்) இரண்டு வாரமாக விரியவில்லை, தண்ணீர் டெஸ்ட் எல்லாம் சரி. லைட்டை மாற்றலாமா?

லைட்டைத் தொடாதீர்கள். முதலில் உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரைச் சந்தேகப்படுங்கள்.

"டெஸ்ட் எல்லாம் சரி" என்றுதான் போன வருடம் நானும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, 200 லிட்டர் தொட்டி. ஆல்கலினிட்டி (தண்ணீர் அமிலத்தைத் தாங்கும் திறன்) 8.5, கால்சியம் 430, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் 25.5 டிகிரியில், உப்பு 35 பிபிடி (ஆயிரத்துக்கு 35 பங்கு). ஆனால் மூன்று தலை (கிளை நுனியில் விரியும் சதைப் பகுதி) உள்ள ஹேமரில் ஒன்று மட்டும் சதை மேலே மேலே ஏறி, அடியில் வெள்ளை எலும்பு வரிவரியாகத் தெரிய ஆரம்பித்தது. கடைக்காரர் "வெளிச்சம் பத்தலை" என்றார். ஏற்றினேன். நாலே நாளில் பக்கத்துத் தலை வெளிறிவிட்டது. சூடோ வெளிச்சமோ மிஞ்சினால், உள்ளே குடியிருந்து சோறு போடும் பாசியைப் பவளமே துப்பிவிடும். அதற்கும் மருந்து என்று 40 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) ஒரு பாட்டிலை என் தலையில் கட்டினார்.

கடைசியில் ஒரு நண்பர், ரிஃப்ராக்டோமீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, 35 பிபிடி காலிபிரேஷன் திரவம் கொடுத்தார். கண்ணாடியில் இரண்டு சொட்டு விட்டு, மூடியை அழுத்தி, ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தேன். நீலக் கோடு 31-இல் நிற்கிறது! அளவைச் சரிசெய்யும் திருகாணியை வாங்கிய அன்று திருகியதோடு சரி, இரண்டு வருடம் அதை நான் தொடவே இல்லை. அப்படியானால் என் '35' உண்மையில் 39.

இரண்டு நாளைக்கு ஒரு புள்ளி வீதம், தொட்டித் தண்ணீரை எடுத்துவிட்டு ஆர்ஓ தண்ணீர் ஊற்றி இறக்கினேன். லைட்டையும் பழைய அளவுக்குக் குறைத்தேன். வெளிறியது நிறம் திரும்ப இரண்டு மாதம் ஆனது. முதல் தலை போனது போனதுதான்.

எல்லாவற்றுக்கும் உப்புதான் காரணம் என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். பழுப்புச் சளி படிந்து நாற்றம் அடித்தால் அது வேறு நோய். அந்தத் துண்டை உடனே வெளியே எடுங்கள். இந்தியாவில் இருந்து கேட்பவர்களுக்கு: அங்கே ஹேமர் மாதிரியான கடினப் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது வாங்க விற்கத் தடையுள்ள பட்டியலில், இருக்கின்றன. ஆகவே என்னிடம் கடை விலாசம் கேட்காதீர்கள்.

என் மாமா ஒருவர் வரும்போதெல்லாம் தொட்டி முன் நின்று "மீன் எங்கடா?" என்பார். இந்தச் செலவுக்கு ரெண்டு வாஸ்து மீன் விட்டிருக்கலாமாம். பத்து வருடத்தில் காலாவதியாகிற சிஓஇ-க்கு (கார் வைத்துக்கொள்ளும் உரிமைச் சான்றிதழ்) லட்சம் வெள்ளி கொடுத்து கார் வாங்கியவர் அவர். நான் ஏதாவது சொன்னேனா?