வரைந்த பாதை ஒன்று, ஜிபிஎஸ் காட்டுவது வேறு

கணினியில் வரைந்த பாதையை ஜிபிஎஸ் கருவிக்கு ரூட்டாக இல்லாமல் டிராக்காக ஏற்றுமதி செய்யுங்கள். நீங்கள் வரைந்த மலைப்பாதை ஜிபிஎஸ்ஸில் போட்டதும் நெடுஞ்சாலைக்குத் தாவாது.

ஜிபிஎக்ஸ் (பாதைகளைச் சேமிக்கும் கோப்பு வகை) ரூட்டில் இருப்பது சில புள்ளிகள்தான். இடைப்பட்ட வழியைக் கருவி தன் வரைபடத்தையும் 'வேகமான வழி' அமைப்பையும் வைத்துப் புதிதாகக் கணக்கிடுகிறது. டிராக்கோ நீங்கள் வரைந்தபடி அப்படியே கோடாக நிற்கும்.

ரூட்தான் வேண்டுமென்றால், கிளம்புமுன் பாருங்கள்: கருவி காட்டும் மொத்தத் தூரம் நீங்கள் வரைந்ததோடு ஒத்துப்போகிறதா? இல்லையென்றால் பிசகும் இடத்தில் இன்னொரு புள்ளி வையுங்கள். சந்திப்பில் வேண்டாம், அதைத் தாண்டிச் சாலையின் மேலேயே. சந்திப்பில் வைத்தால் புள்ளி பக்கத்துச் சாலையில் ஒட்டிக்கொண்டு, உள்ளே போய்த் திரும்பி வரச் சொல்லும். படு எரிச்சல். வழி விலகினால் கருவி தானாகப் புது வழி போடும் தானியங்கி மறுகணக்கீட்டையும் அணைத்துவிடுங்கள்.

ஆனால் டிராக்கில் பல கருவிகள் திருப்பத்துக்குக் குரல் கொடுப்பதில்லை. கோட்டைப் பார்த்துத்தான் ஓட்டணும். மண்சரிவில் மூடிய சாலையும் அதற்குத் தெரியாது.