மான் எந்தக் கட்சி?

கேள்வி: சென்ற இதழின் நடுப்பக்கக் கேலிச்சித்திரம் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை. கோட்டை வாசல், சோதனை வரிசை, மான், தலையில் கொப்புக் கட்டிய மனிதர். மான் எந்தக் கட்சி? கொப்பு அரசியலமைப்பின் 13ஆவது திருத்தமா? சிரிக்க வைக்கவேண்டிய படத்தில் இவ்வளவு மர்மம் ஏன்? இனிமேலாவது படத்துக்குக் கீழே விளக்கம் போடுவீர்களா?
- ஒரு வாசகர், உவர்மலை, திருகோணமலை

பதில்: மான் மான்தான், ஐயா. எந்தக் கட்சியிலும் இல்லை.

'சிரித்திரன்' நகைச்சுவை இதழை நடத்திய சிவஞானசுந்தரம் என்றால் தன் 'மகுடி' கேள்வி-பதில் பகுதியில் இதை ஒரே வரியில் சொல்லி ஆளை அனுப்பியிருப்பார். எனக்கு அந்தக் கை வராது. கொஞ்சம் நீளும்.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகவும் சொல்லிவிடுகிறேன். திருகோணமலை பிரெட்றிக் கோட்டை வாசல். கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் அருச்சனைத் தட்டோடு வரிசையில் நிற்கிறார்கள். காவலுக்கு நிற்பவர் ஒவ்வொரு பையாகத் திறந்து பார்க்கிறார். அவருடைய முழங்காலை உரசிக்கொண்டு ஒரு புள்ளிமான் உள்ளே போகிறது. அதை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வரிசையின் நடுவில் வேட்டி கட்டிய ஒருவர், இரண்டு காய்ந்த கொப்புகளைச் சால்வையால் தலையில் கட்டிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர்போல வானத்தைப் பார்க்கிறார். மனிதனுக்குச் சோதனை, மானுக்கு இல்லை. அப்படியென்றால் மானாகிவிட்டால் போச்சு! அவர் எடுத்த முடிவு அவ்வளவுதான்.

வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை என்கிறீர்கள். வரிசையின் கடைசியில் நிற்கும் ஆச்சியை யாராவது பார்த்தீர்களா? ஒரு கையில் தட்டு. மற்றக் கையால் மரக்கொப்பொன்றை முறித்துக்கொண்டிருக்கிறார். என்னைக் கேட்டால் பகிடியே அவரிடம்தான் இருக்கிறது. நீங்கள் மானின் கட்சியைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் ஆச்சி உங்கள் கண்ணுக்குத் தப்பிவிட்டார்.

இந்தத் தேடல் எங்கிருந்து வந்தது என்பது எனக்கும் தெரியும். நேரே எழுத முடியாத காலங்களில் வரிக்கு வரி உள்ளர்த்தம் தேடியே நாங்கள் பேப்பர் வாசித்தோம். மரண அறிவித்தலைக்கூட இரண்டு தரம் வாசித்த ஆட்கள். அந்தக் கண்ணாடியைக் கழற்றாமலே கேலிச்சித்திரத்தையும் பார்க்கிறோம்.

நாங்கள் மட்டும் என்றும் இல்லை. 1982இல் அமெரிக்காவில் கரி லார்சன் என்ற கேலிச்சித்திரக்காரர் ஒரு படம் போட்டார். ஒரு மாடு இரண்டு காலில் நிற்கிறது. முன்னால் மேசையில் நான்கு கோணல் சாமான்கள். கீழே 'மாட்டின் கருவிகள்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. கடிதமும் தொலைபேசியுமாக வந்து குவிந்ததில் கடைசியில் அவர் பத்திரிகைகளுக்கு விளக்க அறிக்கையே விடவேண்டியதாயிற்று. மாடு கருவி செய்தால் அது மாட்டின் அறிவுக்கு ஏற்றதாகத்தானே இருக்கும்? அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை. ஆனால் நான்கில் ஒன்றை மரம் அரியும் வாள் மாதிரித் தெரியும்படி வரைந்துவிட்டார். சனம் 'இது வாள் என்றால் மற்ற மூன்றும் என்ன?' என்று கிளம்பிவிட்டது. புதிரே இல்லாத இடத்தில் விடை தேடினால் தலையிடிதான் வரும்.

வரைகிறவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு கருத்தை எடுத்து ஒளித்துவைத்துவிட்டுத்தான் வரையத் தொடங்குகிறார்கள் என்பது வாசகரின் நினைப்பு. அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் ஜேம்ஸ் தேர்பரின் கதையைக் கேளுங்கள். பாறையில் ஒரு கடல்நாய் இருப்பதாக வரையப் போனார். பாறை சரியாக வரவில்லை, கட்டிலின் தலைமாட்டுப் பலகைபோல வந்துவிட்டது. சரி என்று கட்டிலையே வரைந்து அதில் ஒரு கணவனையும் மனைவியையும் படுக்கவைத்துவிட்டார். மனைவி எரிச்சலோடு சொல்கிறாள்: "சரி, நீங்கள் சொன்னமாதிரியே இருக்கட்டும், கடல்நாய் குரைத்தது உங்களுக்குக் கேட்டதுதான்!" கடல்நாயோ இருவருக்கும் பின்னால், தலைமாட்டுப் பலகையில் இருக்கிறது. 1932இல் 'நியூயோர்க்கர்' சஞ்சிகையில் வந்த படம், இன்றைக்கும் பேசுகிறார்கள். கடல்நாய் எதற்குக் குறியீடு? ஒன்றுக்கும் இல்லை. 'சரி, உங்களோடு கதைத்து வெல்லேலாது' என்று நம் வீடுகளில் இரவு பத்து மணிக்குக் கேட்கும் அதே சலிப்பான குரல். அதற்குப் பக்கத்தில் ஒரு கடல்நாய். ஒட்டாத இரண்டையும் ஒட்டிவைத்துவிட்டு, அதில் இருக்கிறவர்கள் துளியும் ஆச்சரியப்படாமல் இருக்கவேண்டும். எங்கள் படத்திலும் வேட்டிக்காரர் நம்மைப் பார்த்து இளித்திருந்தால் அங்கேயே பகிடி செத்திருக்கும்.

தொல்காப்பியர் இதை எப்போதோ கணக்குப் போட்டுவிட்டார்: 'எள்ளல் இளமை பேதைமை மடன் என்று உள்ளப்பட்ட நகை நான்கு என்ப.' கொப்புக் கட்டியவரிடம் பேதைமை. ஆச்சியிடம் மடன், அதாவது இன்னொருவர் காட்டியதை யோசிக்காமல் அப்படியே பிடித்துக்கொள்வது. எள்ளல் யார்மேல் என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் அறியவேண்டும் என்றில்லை.

இன்னொரு வகை விளங்காமையும் உண்டு, அது நியாயமானது. 1939இல் பிரித்தானியக் கேலிச்சித்திரக்காரர் டேவிட் லோ வரைந்த படத்தில் ஹிட்லரும் ஸ்டாலினும் தொப்பியைக் கழற்றிக் குனிந்து மரியாதையோடு ஒருவரையொருவர் திட்டுகிறார்கள். நடுவில் ஓர் உடல் கிடக்கிறது. அந்த ஆகஸ்டில் இருவரும் ஒப்பந்தம் செய்ததும், அடுத்த மாதமே போலந்தைப் பங்குபோட்டதும் தெரியாத பிள்ளைக்கு அது இரண்டு மீசைக்காரர்களின் வணக்கம்தான். பகிடியில் பாதியைப் பார்க்கிறவர் கொண்டுவரவேண்டும். ரொறன்ரோவிலிருந்தும் ஒருவர் உங்களுடைய அதே கேள்வியை அனுப்பியிருந்தார். போர்த்துக்கேயர் கட்டிய கோட்டைக்குள்ளால்தான் கோணேசரிடம் போகவேண்டும் என்பதோ, இந்த ஊரில் மான்கள் பஸ் நிலையம்வரை வந்து சொப்பிங் பையை மென்றுகொண்டு நிற்கும் என்பதோ அவருக்குத் தெரிய நியாயமில்லை. அவருக்குத் தனியாக எழுதிவிட்டேன். நீங்கள் உவர்மலை, ஐயா!

விளக்கம் போடமாட்டோம். முன்பெல்லாம் மூட்டையில் 'ஊழல்', கழுதையில் 'மக்கள்', சாட்டையில் 'வரி' என்று எழுதித்தான் படம் வரும். பிழையில்லாமல் விளங்கும். ஆனால் யாராவது சிரித்து நான் பார்த்ததில்லை, தலையாட்டத்தான் பார்த்திருக்கிறேன்.

அதற்காக விளங்காத படமெல்லாம் உயர்ந்த படம் என்று சொல்ல வரவில்லை. வரைந்தவருக்கே விளங்காத படங்களும் தபாலில் வருகின்றன. அண்மையில் வந்த ஒன்றில் ஒரு சூடை மீன், ஒரு குடை, முள் இல்லாத ஒரு மணிக்கூடு. அனுப்பிய தம்பிக்குத் தொலைபேசி எடுத்து, இதில் எந்த இடத்தில் சிரிக்கவேண்டும் என்று கேட்டேன். "அதை வாசிக்கிற ஆக்கள்தான் யோசிக்கவேணும், சேர்" என்றார். அந்த வேலையை அவருக்கே திருப்பி அனுப்பிவிட்டேன், முத்திரைச் செலவு எங்களுடையது.