ஆங்கிலக் குடும்பப் பெயர்கள்: கேள்வி-பதில்

அண்ணா சாலை ஹிக்கின்பாதம்ஸ் கடையின் பெயருக்கு என்ன அர்த்தம்? (வாசகர், திருவல்லிக்கேணி)

1844-இல் அந்தக் கடையைத் தொடங்கிய ஏபெல் ஜோஷுவா ஹிக்கின்பாதமின் குடும்பப் பெயர் அது. லங்காஷயரில், போல்டன் பக்கம், ஓக்கன்பாட்டம் என்று ஓர் இடம் உண்டு. அதிலிருந்து வந்தது என்பதே பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். ஓக் மரங்கள் நின்ற பள்ளத்தாக்கு. ‘பாட்டம்’ என்பது அந்த வட்டாரத்தில் பள்ளத்தாக்கின் அடித்தரை. ஷஃபிள்பாட்டம் என்ற குடும்பப் பெயரும் அந்த வகைதான். சீட்டுக்கட்டைக் கலைப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பரி நகரை ஒட்டிய ஷிப்பர்பாட்டம் என்ற இடத்திலிருந்து வந்தது அது: ஆடுகளுக்கான நீர்நிலை இருந்த பள்ளம். இன்றைய ஒலியை வைத்து அர்த்தம் கட்டாதீர்கள். பழைய எழுத்தைப் பாருங்கள்.

லாட்டிமர்? (வாசகி, சேலம்)

துபாஷி. லத்தீன் அறிந்தவர் என்பதிலிருந்து மொழிபெயர்ப்பாளர் என்று ஆனது.

‘ரைட்’ என்ற பெயருக்குப் பொருள் கூறவும். (ஊர் எழுதவில்லை)

எந்த ரைட்? ஆங்கில ஸ்பெல்லிங்கை எழுதி அனுப்புங்கள் என்று எத்தனை தடவைதான் கேட்பது! ‘டபிள்யூ’வில் தொடங்கினால் தச்சர் மாதிரியான கைவினைஞர். வேறு ஸ்பெல்லிங் என்றால் மறுபடி எழுதுங்கள்.

சம்பந்தி வீட்டார் ஆர்க்ரைட் குடும்பம். ‘ஆர்க்ரைட் குலச்சின்னம்’ என்று இணையத்தில் விற்கும் படத்தை ஃபிரேம் போட்டுக் கொடுக்கலாமா? (வாசகி, சிங்கப்பூர்)

தயவுசெய்து வேண்டாம். இங்கிலாந்தில் குடும்பப் பெயருக்கென்று சின்னம் கிடையாது. அது தனி ஒருவருக்கு வழங்கப்படுவது. பெரும்பாலும் ஆண்வழியில் அவருடைய வாரிசுகளுக்குப் போகும். இந்தச் சின்னங்களை வழங்கிப் பதிவுசெய்யும் அமைப்பான, 1484-இல் தொடங்கிய லண்டன் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸே இதைத் திட்டவட்டமாகச் சொல்கிறது. ஆர்க்ரைட் என்றால் மாவும் தானியமும் போட்டுவைக்கும் பெரிய மரப்பெட்டி செய்பவர். தொழிலால் வந்த பெயர். ஒரே பெயர் என்பதாலேயே இரண்டு வீட்டார் பங்காளிகளாகிவிட மாட்டார்கள். எந்த ஆர்க்ரைட்டுக்கோ கிடைத்த சின்னத்தை இவர்கள் சுவரில் மாட்டுவது, பக்கத்து வீட்டுப் பட்டாவில் நம் பெயரை எழுதிக்கொள்வது போல. விற்கிறவர்கள் எந்த ஊர், எந்தக் கிளை, எந்தக் காலம் என்று எதையும் கேட்பதில்லை. பெயரைத் தட்டினால் படம் வந்துவிடும். ஆசையாகப் பரிசு தேடுகிறவர்களின் காசு இப்படிப் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

அதற்குப் பதில், அவர்கள் முன்னோரின் திருச்சபைப் பதிவேட்டு நகல் ஒன்றை வாங்கிக் கொடுங்கள். 1538 முதல் இந்தப் பதிவேடுகள் உண்டு. 1754-க்குப் பிந்தைய கல்யாணப் பதிவு கிடைத்தால் இன்னும் நல்லது: மணமக்களின் கையெழுத்தோ, எழுதத் தெரியாதவர் போட்ட பெருக்கல் குறியோ அதில் இருக்கும். அப்புறம், பெயரின் பழைய எழுத்தும் அங்கேதான் கிடைக்கும்.

பாரிமுனையின் ‘பாரி’ கடையெழு வள்ளல்களில் ஒருவரா? (மாணவர், பெரம்பூர்)

இல்லை தம்பி. வணிகர் தாமஸ் பாரி. வேல்ஸ்காரர், பெயரும் வெல்ஷ்தான். ‘ஆப் ஹாரி’, அதாவது ஹாரியின் மகன். இரண்டு சொல்லும் ஒட்டிப் பாரி ஆயிற்று. பவல், ப்ரைஸ் எல்லாம் இப்படி ஒட்டியவையே.