வீட்டு மாடியில் சோலார் போட எவ்வளவு ஆகும்? பேட்டரி வேண்டுமா?

முதலில் மின் கட்டண அட்டையை எடுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 200 யூனிட்டுக்குள் முடிகிற வீட்டுக்கு சோலார் போட்டால் போட்ட பணம் திரும்பவே வெகுகாலம் ஆகும். 500-ஐத் தாண்டுகிறவர்களுக்குத்தான் லாபம். அங்கே யூனிட் விலை எகிறுகிறது.

ஒரு கிலோவாட் பேனல் நல்ல வெயிலில் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். அதற்கு ஏறக்குறைய 100 சதுர அடி, நிழல் விழாத இடம் தேவை. பக்கத்து வீட்டுத் தென்னை நிழலும் கணக்கில் வரும்! 3 கிலோவாட்டுக்குச் சுமார் 2 லட்சம் ஆகலாம். 2024-இல் தொடங்கிய பிரதமர் சூர்யா கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் உண்டு.

சரி, பேட்டரி? பேட்டரி இல்லாமல் நேராக மின்வாரிய லைனோடு இணைக்கிற ஆன்-கிரிட் முறையில், கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக சோலார் இன்வெர்ட்டரே நிறுத்திக்கொள்ளும். பலருக்கு இது போட்ட பிறகுதான் தெரிகிறது. மின்வெட்டு அடிக்கடி வரும் ஊர் என்றால் பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் பாருங்கள், செலவு நன்றாகவே கூடும். எப்போதாவதுதான் கரண்ட் போகும் என்றால், வீட்டில் இருக்கிற பழைய பேட்டரி இன்வெர்ட்டரே போதும்.